லூர்து சிஸ்டருக்குப் பக்கத்து இடம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாகப் பாதி ஆயுளுக்கும் மேல் குப்பை கொட்டியவன் நான். எந்தக் காரியத்துக்கு எந்த மேசை முன்னால் போய் நிற்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அக்காவைக் கோயம்புத்தூரிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. சரியான ஆளைப் பிடித்தால் முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அக்கா கன்னியாஸ்திரி. வீட்டில் ரோஸ்லின், மடத்தில் சிஸ்டர் அமலா. எங்கள் கடற்கரை ஊரில் ஒரு பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுப்பது குடும்பத்துக்குப் பெருமை. கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்கும் வழக்கம் கிடையாது. ஆனால் அக்காவுக்கு வயிற்றில் புற்று முற்றிப்போய், இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா படுத்த படுக்கை. கண் போய்விட்டது, காதும் மந்தம். வீடியோவில் காட்டிப் பிரயோஜனம் இல்லை. கைதான் இப்போது அவளுக்குக் கண்.

"ஒரு தரம் அவ கையப் பிடிச்சிட்டேன்னா போதும்லே. பொறவு அப்பாவுக்குப் பக்கத்துல நாங்க ரெண்டு பேரும் கெடந்துக்கிடுவோம்" என்றாள்.

அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அந்த இடத்துக்காகச் சித்தப்பா வீட்டோடு நாங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததும் உண்டு. எங்கள் ஊரில் கல்லறை இடம் என்பது வீட்டுமனை மாதிரி.

பொள்ளாச்சியில் பஸ் மாறி உக்கடத்தில் இறங்கியபோது காலை வெயில் ஏறவில்லை. பெரிய குளம். தண்ணீரைப் பார்த்ததும் என் கண் பழக்கதோஷத்தில் அலையைத் தேடியது. அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. இந்த ஊரில் டீக்கடை என்றால் பேக்கரி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர், "ஏனுங்க, தேங்காய் பன்னுங்களா, பப்ஸுங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார். பப்ஸ் என்றேன். "சூடா இல்லீங்க, பன்னு வாங்கிக்குங்க" என்றார். இங்கே இல்லை என்று சொல்வதற்கும் ஒரு 'ங்க' போட்டுவிடுகிறார்கள். மறுத்தது நமக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆகிறது.

அக்காவின் சபைக்காரர்கள் வயதான சிஸ்டர்களுக்காக நடத்தும் ஓய்வு இல்லம் கணபதி தாண்டிக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. கணபதி முழுக்க லேத் பட்டறைகள். இரும்பு அறுபடும் சத்தத்தில் ஆட்டோக்காரர் கத்திக் கத்திப் பேசினார்.

"எங்க பாப்பா சிஸ்டருங்க ஸ்கூல்லதான் படிச்சாளுங்க. ஆனா நீங்க சொல்ற எடத்துல நெம்ப வயசானவங்கதான் இருக்கறாங்க. ஒரம்பரைங்களா?"

"தம்பி."

"சீக்குங்களா அவங்களுக்கு?"

ஆமாம் என்றேன். அப்புறம் அவர் கத்தவில்லை. மீட்டரும் போடவில்லை, பேரமும் பேசவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

அக்கா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். அவள் மடத்துக்குப் போன பிறகு முக்காடு இல்லாமல் அவள் தலையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நரைத்த முடி குட்டையாக வெட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்க தம்பி. எப்பக் கெளம்பினீங்க?" என்றாள். என் முதுகில் நாலு சாத்தி என்னை வளர்த்தவள். நாற்பது வருஷம் இந்தப் பக்கத்து மடங்களிலேயே மாற்றி மாற்றிப் போட்டதில், 'லே' போய் 'ங்க' வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் பெனிட்டா சிஸ்டர். தொண்ணூறைத் தாண்டியவர். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, "சாப்ட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "சாப்ட்டீங்களா?" என்றார். நான் அங்கே இருந்த நாளெல்லாம் அவர் என்னிடம் வேறெதுவும் பேசவில்லை.

மாலை ஜெபத்துக்கு அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். முன் பெஞ்சு ஓரத்தில் நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். அவளுக்கு அடுத்து பெனிட்டா சிஸ்டர். அவருக்கு அந்தப் பக்கம் காலி. அங்கே ஒரு ஜெபப் புத்தகம் மட்டும் இருந்தது. "லூர்து எடமுங்க. போன மாசம் போயிட்டா" என்றாள் அக்கா. லூர்து சிஸ்டரும் அக்காவும் ஒரே நாளில் மடத்தில் சேர்ந்து, ஒரே நாளில் துறவற வார்த்தைப்பாடு எடுத்தவர்கள். அப்புறம் ஆளுக்கொரு ஊராக மாற்றலாகிப் போய், நோயாளிகளாக இந்த இல்லத்தில்தான் மறுபடி ஒன்றுசேர்ந்தார்களாம். பெனிட்டா சிஸ்டருக்குத் தானாக எழுந்து நிற்க முடியாது. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். அதனால் இவர்கள் இருவருக்கும் நடுவில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்கு நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

கூட்டிப் போகிற விஷயத்தைப் பற்றி அக்காவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. ஆசையைக் காட்டிவிட்டு அனுமதி கிடைக்கவில்லை என்றால் அவள் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். நேராக இல்லத் தலைவி சிஸ்டர் ஜெயாவிடம் போனேன். அவர் என்னைக் கல்லறைத் தோட்டம் வரை கூட்டிக்கொண்டு நடந்தபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

"ஒரு வாரம், பத்து நாள்னா நானே அனுப்பிப் போடுவேனுங்க. இது திரும்பி வராத பயணம். என் கையில இல்லீங்க. மேல கேக்கோணும்."

தென்னைகளுக்கு நடுவே ஒரே அளவுக் கற்கள், வரிசை வரிசையாக. பெயர், வார்த்தைப்பாடு எடுத்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான். கடைசி வரிசையின் ஓரத்தில் கல் வைக்காத புதுமண் மேடு ஒன்று. லூர்து சிஸ்டர்.

"இங்க யாருக்கும் எடம் ஒதுக்கறது இல்லீங்க" என்றார் சிஸ்டர் ஜெயா. "யாரு அடுத்துப் போறாங்களோ அவங்களுக்கு அடுத்த குழி. சபைக்கே தலைவியா இருந்தவங்களும் வரிசைதான், சமையக்கட்டுல இருந்தவங்களும் வரிசைதான்."

சித்தப்பாவோடு போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன். இது நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று தோன்றியது. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு அரிசிம்பருப்புச் சாதம். நெய் ஊற்றி, அப்பளத்தோடு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மீன் வாசம் இல்லாத சாப்பாட்டை நான் விரத நாளில்தான் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா இதை இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்ததும் இறங்கவில்லை.

மறுநாள் செய்ததுதான் என் மடத்தனம். மேலே கேட்க வேண்டும் என்றதும் நான் பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்குப் போனேன். கடற்கரைக்காரன் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். எங்கள் ஊரில் கோயில் பங்கு என்றால் ஊர், ஊர் என்றால் பங்கு. வலைச் சண்டையா, கல்யாண முறிவா, சாமியார்தான் தீர்ப்பு. சாமியார் பேச்சு எடுபடவில்லை என்றால் பிஷப். பிஷப்புக்கு மேலே எங்களுக்கு வானம்தான்.

ஆயர் ஊரில் இல்லை. காத்திருந்தேன். மதியத்துக்கு மேல் ஓர் இளம் சாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கதையைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"நீங்க எடம் மாறி வந்துட்டீங்களேங்க" என்றார். "பங்கு, பங்குச் சாமியார், மறைமாவட்டம், இதெல்லாம் ஆயர் ஐயாவுக்குக் கட்டுப்பட்டது. சிஸ்டருங்க சபை அப்படி இல்லீங்க. உங்க அக்கா சபை ரோமாபுரிக்கு நேரா கட்டுப்பட்டது. அந்த மடத்துல பூசை வெக்கறதுக்கு இங்கிருந்து சாமியார் போவாரு. ஆனா எந்தச் சிஸ்டர் எங்க இருக்கோணும்னு ஆயரே சொல்ல முடியாதுங்க. அவங்க மாநிலத் தலைவிகிட்டக் கேளுங்க, பீளமேட்டுல இருக்கறாங்க."

ஒரே ஊரில், ஒரே வேதத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ராஜ்ஜியம். எனக்கு எரிச்சலாக வந்தது. உங்கள் ஊரில் சாமியார் சொன்னால் நடக்காதா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எங்க பங்குல ஒரு கோயிலுக்கும் இன்னொரு கோயிலுக்கும் நடுவுல அத்தனை காடுங்க. ஞாயித்துக்கெழம பைக்கை எடுத்தன்னா கெளைக் கோயில் மூணுலயும் பூசை வெச்சுட்டு ஊடு வர மத்தியானம் ஆயிருமுங்க. நாஞ் சொல்லி நடக்கறதுக்கு மொதல்ல ஆளு வேணுமுல்லங்க."

பீளமேட்டுக்கு ஓடினேன். காலேஜ் விட்ட நேரம். ரோடு முழுக்கப் பிள்ளைகளும் பைக்குகளும். மாநிலத் தலைவி அன்று காலைதான் காங்கேயத்து மடத்தைப் பார்வையிடக் கிளம்பிப் போனாராம். நான் ஆயர் இல்லத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் இங்கே காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்குச் சரியான மேசையைக் காட்டிய மனுஷன், சொந்த அக்காவுக்கு மேசை தெரியாமல் ஒரு நாளைத் தொலைத்தேன். அவளுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில்.

மறுநாள் ஏறிய காங்கேயம் பஸ் பல்லடம் தாண்டி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி எதையோ பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் ஆவுமுங்க" என்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரின் பரம்பரையையே இழுத்திருப்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தூக்குப்போசியைத் திறந்து போளி மாதிரி ஒப்பிட்டு ஒன்றை என் கையில் வைத்தார். அரிசி மில்லில் வேலையாம். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். எனக்கு அப்போது யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"உங்கக்காவக் கட்டியே குடுக்கலீங்களா?"

"மடத்துக்குக் கொடுத்துட்டோம்."

"அப்பக் கட்டிக் குடுத்த மாதிரிதானுங்களே" என்றார் அவர், யோசித்து. "கட்டிக் குடுத்த புள்ளைய அடக்கம் பண்றதுக்குப் பொறந்தூட்டுக்கா அனுப்புவாங்க? எங்க பக்கம் பொறந்தூட்டுக் கோடிதானுங்க வரும். ஒரு புதுச்சீல. அதப் போத்தித்தான் எடுப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒப்பிட்டு வாயில் இனிக்கவில்லை. இந்த அம்மாளுக்கு எங்கள் விஷயம் என்ன தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காங்கேயத்தில் களம் களமாகத் தேங்காய்ப் பருப்பு காய்ந்தது. ஊரே எண்ணெய் வாசம். மாநிலத் தலைவி மடத்து வராந்தாவில், அந்த வீட்டுச் சிஸ்டர்களோடு நின்று ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். அம்மாவின் கண், கை, அப்பாவின் கல்லறை.

அவர் கூரையிலிருந்து பார்வையை எடுத்து, "தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆலோசனைக் குழுச் சிஸ்டருங்ககிட்ட நான் இன்னைக்கே பேசிக்கறேன். ஆம்புலன்ஸும் ஏற்பாடு பண்ணித் தாரோமுங்க" என்றார்.

இவ்வளவுதானா என்றிருந்தது. அழுகையே வந்துவிட்டது.

"அமலா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அவர்.

"இன்னும் சொல்லல."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மொதல்ல அவங்ககிட்டக் கேட்டுருக்கோணுமுங்க" என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்து நல்ல செய்தி சொல்கிற தோரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டதை, அப்பா பக்கத்து இடத்தை, ஆம்புலன்ஸை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னைகளுக்கு நடுவே அந்த மண்மேடு அங்கிருந்து தெரியும் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"நான் வரலீங்க தம்பி."

"ஏன்?"

"எம்முறை அடுத்ததுங்க. எனக்கு முன்னால இங்க யாருக்கும் அவசரம் இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பேசியது மடத்துச் சிஸ்டர் அமலா இல்லை, எங்கள் வீட்டு ரோஸ்லின்.

"ஏலே, கேளு. அவளும் நானும் ஒண்ணாச் சேந்தோம். முதல் மாத்தல்லயே பிரிச்சுப் போட்டாவ. கீழ்ப்படிதல்னு வார்த்தைப்பாடு குடுத்தாச்சு, வாயத் தொறக்கல. இவ்வளவு வருஷத்துல எங்க போணும், யார்கூட இருக்கணும்னு ஒரு தரம் கூட நான் கேட்டதில்ல. இப்பவும் கேக்கல. ஆனா வரிசை தானா வந்து நிக்குலே. அவளுக்கு அடுத்த இடம் என்னது. இத விட்டுட்டு நான் அங்கன வந்து கெடக்கணுமா?"

"அம்மா கேக்காளே."

"அம்மாக்கு நீ இருக்க."

கோபம் வந்தது எனக்கு. பெற்றவளின் கையை விட மண்ணா பெரிது என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து பெனிட்டா சிஸ்டர், "சாப்ட்டீங்களா?" என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்த நாள் விடிந்ததும் துக்கமணி அடித்தது. எழுந்து அக்காவின் அறைக்கு ஓடினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலைச் சுற்றித்தான் சிஸ்டர்கள் நின்றார்கள். பெனிட்டா சிஸ்டர் தூக்கத்திலேயே போயிருந்தார். ஜெபமாலை கையிலேயே இருந்தது.

எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அப்படியே சொல்லிவிடுகிறேன். அந்த இடம் போய்விட்டது, இனி அக்கா வருவாள் என்றுதான் தோன்றியது. செத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை நினைத்தேன்.

பெனிட்டா சிஸ்டரைத் தேடி வர உறவென்று யாரும் மிஞ்சவில்லை. அதனால் அன்று மாலையே அடக்கம். மாநிலத் தலைவி காங்கேயத்திலிருந்து வந்துவிட்டார். பங்குச் சாமியார் பூசை வைத்தார். அக்கா பிடிவாதமாகக் கல்லறை வரை வந்தாள். லூர்து சிஸ்டரின் மேட்டை ஒட்டி வெட்டிய குழி. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அக்காவின் பிடியில் பாதி மண் மடியிலேயே சிந்தியது.

எல்லோரும் போன பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இப்பவாவது வாறியாக்கா?"

அவள் இரண்டு மேடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல ஒருத்திதானலே. கோயில்லயும் எங்களுக்கு நடுவுல அவியதான் இருந்தாவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கடைசி நாள்ல எல்லாரையும் எழுப்புவார்லா ஆண்டவரு. அன்னைக்கு இவியளால தனியா எந்திரிக்க முடியாது. ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்க ஆள் வேணும்லா?"

நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் டவுனுக்குப் போய் ஒரு வெள்ளைச் சேலை வாங்கினேன். கடைக்காரர் பார்டர் வைத்ததை எடுத்துப் போட்டார். பார்டர் வேண்டாம் என்றேன். அதைச் சிஸ்டர் ஜெயாவிடம் கொடுத்தபோது, எங்கள் சிஸ்டர்களைச் சபை உடையில்தான் அடக்கம் செய்வோம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பெட்டிக்குள்ளாற விரிக்கறேனுங்க" என்றார். அக்காவிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன். அவள் மறுபடி சிஸ்டர் அமலாவாகியிருந்தாள். "பாத்துப் போங்க தம்பி" என்றாள்.

வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதே யோசனை. மறுபடி பல்லடத்துத் தறிச் சத்தம் எதுவும் கேட்காதா, பஸ் எங்காவது நின்று தொலைக்காதா என்று இருந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை.

வீட்டில் நுழைந்ததும் அம்மா காலடியை எப்படியோ கண்டுகொண்டாள். கட்டிலில் கிடந்தபடியே தலையைத் திருப்பி, இன்னொரு காலடிக்காகக் காத்திருந்தாள். குனிந்து அவள் காதருகே உரக்கச் சொன்னேன்.

"விடமாட்டேன்னுட்டாவம்மா."

"யாரு? பிஷப்பா?"

"அவருக்கும் மேல. ரோமாபுரி."

காங்கேயம் போய்ச் சேரும் வரை நான் வாய்விட்டும் மனசுக்குள்ளும் திட்டித் தீர்த்த மேலிடம்தான். அந்த நேரத்தில் எனக்கு அதை விட்டால் வேறு நாதி இல்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ரோமாபுரியே சொன்ன பொறவு யார் என்ன செய்ய முடியும்" என்றாள். அப்புறம், "அவ வரணும்னு அழுதாளாலே?" என்று கேட்டாள்.

"அழுதாம்மா. ரொம்ப அழுதா."

"அது போதும்" என்று கையை நீட்டினாள். நான் என் கையைக் கொடுத்தேன். அதை அவள் விரல் விரலாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.